வண்ணத்தட்டில் விண்மீன்கள்: ஓவியம் பழகுவோருக்கு ஓர் எளிய அறிமுகம்

விண்மீன்களைப் பொருளாகக் கொண்டு ஓவியம் தீட்ட விரும்புபவர்கள் பெரும்பாலும் கறுநீலத்தையும் ஊதாவையும்தான் முதலில் தட்டில் பிழிகிறார்கள். தாள் முழுவதும் இருளைப் பூசி, பழைய பல்துலக்கியால் அதன்மேல் வெள்ளையைத் தெளித்து, நடுவே ஒரு சுழலை இழுத்துவிட்டால் பிரபஞ்சம் வந்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கை பழகுவதற்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் அந்த முறையில் விண்மீன் எப்போதும் தொலைவில் இருக்கும் ஒரு காட்சியாகவே நின்றுவிடுகிறது. வரைபவருக்கும் அதற்கும் உள்ள உறவு தாளில் வருவதில்லை.

அந்த உறவு மிக நேரடியானது. ஓவியரின் தட்டில் உள்ள கரி, காவி, சுண்ணம், பொன் ஆகிய ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகை விண்மீனின் உள்ளே, அல்லது அதன் வெடிப்பில், அல்லது மோதலில் உருவான தனிமங்களால் ஆனது. அதைப் பூசும் கையும் அவ்வாறே. ஆகவே நம்முடைய அண்டப் பிறப்பைப் பற்றிய ஓவியம் வானத்தின் படமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த நிறம் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டு தீட்டினால், ஒரு வேப்பிலையை வரைந்தாலும் அது விண்மீன்களைப் பற்றிய ஓவியமாக முடியும். இந்தக் கட்டுரை அந்தப் பிறப்புக் கதையை நான்கு நிறங்களின் வழியாகச் சொல்கிறது. வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சில வேலைகளையும் இடையிடையே தருகிறது.

முதலில், தொடக்கத்தில் என்ன இருந்தது என்பதைப் பார்த்துவிடலாம். சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உருவான அணுக்கருக்களில், நிறையின்படி ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், மிகச் சொற்பமாக லித்தியம். அவ்வளவுதான். கரிமம் இல்லை, ஆக்சிஜன் இல்லை, இரும்பு இல்லை. அன்றைய பிரபஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கோடுகூட இழுத்திருக்க முடியாது, ஏனென்றால் ஹைட்ரஜனும் ஹீலியமும் நிறமற்ற வாயுக்கள். நாம் அறிந்த நிறமிகள் அனைத்தும் அதற்குப் பிறகு, விண்மீன்கள் தோன்றி எரிந்து அழிந்த பின்னரே சாத்தியமாயின.

விண்மீன்கள் எதனால் ஆனவை என்பதே நூறாண்டுகளுக்கு முன்வரை சரியாகத் தெரியாது. பூமியைப் போன்ற கலவைதான், சற்று அதிகச் சூட்டில் இருக்கிறது என்று பலரும் கருதினார்கள். 1920இல் இந்திய இயற்பியலாளர் மேகநாத சாஹா வெளியிட்ட, வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் அளவைச் சொல்லும் அயனியாக்கச் சமன்பாட்டைப் பயன்படுத்தி, 1925இல் சிசிலியா பெயின் என்ற இளம் ஆய்வாளர் விண்மீன்களின் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை, அலசி, அவை பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று காட்டினார். மூத்த அறிஞர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள்; சில ஆண்டுகளில் அவர் சொன்னதே சரி என்று உறுதியானது. பிறகு எழுந்த கேள்வி, எஞ்சிய தனிமங்கள் எங்கிருந்து வந்தன என்பது. அவை விண்மீன்களுக்குள்ளேயே சமைக்கப்படுகின்றன என்பதற்குக் கண்கூடான சான்று 1952இல் கிடைத்தது. வானியலாளர் பால் மெரில் சில செம்பெருமீன்களின் (உப்பிச் சிவந்த முதிய விண்மீன்களின்) ஒளியில் டெக்னீசியம் என்ற தனிமத்தின் தடயத்தைக் கண்டார். டெக்னீசியம் கதிரியக்கத்தால் சிதைந்துபோகும் பொருள். அதன் மிக நீண்ட ஆயுள் கொண்ட வகைகூடச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்துவிடும். அந்த விண்மீன்களின் வயதோ அதைவிட மிகப் பெரியது. ஆகவே அது அங்கேயே, அண்மையில் உருவாகியிருக்க வேண்டும். 1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃப்ரெட் ஹாயில் ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய நீண்ட ஆய்வுக்கட்டுரை, எந்தத் தனிமம் விண்மீனில் எந்த வழியில் உருவாகிறது என்ற முழு வரைபடத்தையும் தந்தது. பிற்காலத்தில் சில இடங்கள் திருத்தப்பட்டாலும், இன்றைய அறிவின் அடித்தளம் அதுதான்.

இனி நிறங்களுக்கு வருவோம். தொடங்க வேண்டியது கறுப்பிலிருந்து.

ஓர் அகல்விளக்கில் விளக்கெண்ணெய் ஊற்றித் திரியைச் சற்றே தூக்கலாக ஏற்றி, சுடருக்கு மேல் ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அரைமணி நேரத்தில் தட்டின் அடியில் வெல்வெட் போன்ற கரி படிந்திருக்கும். கண்மை தயாரிக்க நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த அதே வேலைதான் இது. தட்டு ஆறியபின் ஒரு கடினமான அட்டையால் மெல்லச் சுரண்டி எடுங்கள். இந்தக் கரி தண்ணீரில் எளிதில் கலக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது நனையாமல் கரித்தூள் மேல் உருண்டு நிற்கும். அதனால் வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கெட்டியான பிசின் நீரை விட்டு, கண்ணாடிப் பலகையின்மேல் கத்தியால் நீண்ட நேரம் தேய்த்துக் குழைக்க வேண்டும். கருவேலம் பிசின் ஒரு பங்குக்கு வெந்நீர் இரண்டு பங்கு என்ற அளவில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டினால் பிசின் நீர் கிடைக்கும். இரண்டு கிராம்பை அதில் போட்டுவைத்தால் பூஞ்சை பிடிப்பது குறையும். குழைத்து முடிந்ததும் தூரிகையில் எடுத்துத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கடையில் வாங்கும் மையைவிட ஆழமான, பளபளப்பற்ற கறுப்பு அது.

அந்தக் கறுப்பு முழுவதும் கரிமம். கரிம அணுக்கரு உருவாக மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் ஒன்று சேர வேண்டும். பெருவெடிப்பின்போது அதற்கு நேரமும் அடர்த்தியும் போதவில்லை. ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டு உப்பிச் சிவந்த முதிய விண்மீன்களின் மையத்தில், சுமார் 10 கோடி டிகிரி வெப்பத்தில், நீண்ட காலம் கிடைப்பதால் அது நடக்கிறது. அங்கேயும் அது எளிதல்ல. கரிம அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட கிளர்ச்சி நிலை, அதாவது கூடுதல் ஆற்றல் கொண்ட ஒரு நிலை, இருந்தால் மட்டுமே பிரபஞ்சத்தில் காணப்படும் அளவு கரிமம் உருவாகியிருக்க முடியும் என்று ஹாயில் 1953இல் வாதிட்டார். சோதனைக்கூடத்தில் தேடியபோது அந்த நிலை அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே இருந்தது. கரி இருக்கிறது என்பதிலிருந்து அணுக்கருவின் ஒரு பண்பைக் கணித்துச் சொன்ன அந்தச் சிந்தனை, எனக்கு அறிவியல் வரலாற்றிலேயே மிக அழகான ஒன்றாகத் தோன்றுகிறது.

உருவான கரிமம் வெளியே வரும் விதமும் விளக்குக் கரியோடு நேரடித் தொடர்புடையது. சில முதிய செம்பெருமீன்களில் கரிமம் மேற்பரப்புக்கு ஏறி வருகிறது. வெளி அடுக்குகள் குளிரும்போது அது நுண்ணிய கரித்துகள்களாக உறைந்து விண்வெளியில் கலக்கிறது. ஓரையன் எனப்படும் மிருகசீரிடக் கூட்டத்துக்குத் தெற்கே, முயல் விண்மீன் குழுவில் உள்ள ஆர் லெபோரிஸ் அத்தகைய ஒரு கரிம விண்மீன். 1845இல் அதைக் கவனித்த வானியலாளர் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட், கறுப்புப் பின்னணியில் ஒரு துளி இரத்தம்போல் இருப்பதாக வருணித்தார். நீல ஒளியை அதன் வளிமண்டலத்தில் உள்ள கரிமச் சேர்மங்கள் விழுங்கிவிடுவதால்தான் அந்த ஆழ்சிவப்பு. இப்படி வெளியேறிய துகள்களில் சில நம் கைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில், சூரியன் பிறப்பதற்கு முன்பே உருவான சிலிக்கான் கார்பைடுத் துகள்கள் இருக்கின்றன. சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள்; அந்தத் துகள்களில் சில 500 கோடி முதல் 700 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மனிதர் கையால் தொட்ட மிகப் பழைய திடப்பொருள் என்று இன்றுவரை நாம் அறிந்தது அதுவே.

கறுப்புக்கு அடுத்தது வெள்ளை. சீமைச் சுண்ணாம்பும் கிளிஞ்சல் பொடியும் கால்சியம் கார்பனேட்டு. கால்சியம், கரிமம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தது. ஆக்சிஜனும் கால்சியத்தின் பெரும்பகுதியும் பெருநிறை விண்மீன்களின் உள்ளடுக்குகளிலும், அவை வெடிக்கும் சூப்பர்நோவாக்களிலும் உருவாகின்றன. குழாயில் அடைத்து விற்கும் டைட்டானியம் வெள்ளையின் கதையும் வெடிப்பிலேயே தொடங்குகிறது. சுமார் 11,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள காசியோபியா ஏ என்ற வெடிப்பு எச்சத்தில், கதிரியக்க டைட்டானியம் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்ற வரைபடத்தை நூஸ்டார் என்ற விண்வெளி எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி எடுத்து, 2014இல் அது வெளியானது. அந்தச் சிதறல் சீரான வளையமாக இல்லாமல் ஒரு பக்கம் திரண்டும் ஒரு பக்கம் வெறுமையாகவும் இருக்கிறது. வெடிப்பை வரைய நினைப்பவர்கள் வட்டமான பூப்போல வரைந்துவிடாமல் அந்தக் கோணலான வடிவத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரைவது நல்லது.

சுண்ணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் தோலையும் கண்ணையும் அரிக்கக்கூடியவை. பழகாதவர்கள் சீமைச் சுண்ணாம்புப் பொடியையே பயன்படுத்த வேண்டும். எந்தத் தூளை அரைத்தாலும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

சிவப்பில்தான் கதை அடர்த்தியாகிறது. மனிதர் வரைந்த மிகப் பழைய கோடுகளில் ஒன்று காவியால் ஆனது. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் கிடைத்த ஒரு சிறு கற்சில்லில், காவிக் கட்டியால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்த கோடுகள் சுமார் 73,000 ஆண்டுகள் பழமையானவை. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில் உள்ள உருவங்களும் செங்காவியால் தீட்டப்பட்டவைதான். நம் கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைக்கு அருகே ஓடும் காவிப் பட்டையைப் பார்த்து வளராத தமிழர் குறைவு.

காவியின் சிவப்பு ஹேமடைட்டு என்ற இரும்பு ஆக்சைடால் வருகிறது. இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு. அதில் உள்ள இரும்பு அணுக்கள் நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சிக்கொண்டு சிவப்பை விட்டுவிடுகின்றன. இந்த இரும்பு எங்கே பிறந்தது? பெருநிறை விண்மீன் ஒன்றின் மையத்தில், எரிதலின், அதாவது அணுக்கருக்கள் இணைந்து கனமாவதன், கடைசிக் கட்டமாக இரும்பு சேர்கிறது என்பது பலரும் அறிந்தது. ஆனால் அந்த மையம் சரிந்து, நியூட்ரான்கள் நெருங்கி அடைந்த சிறு பந்தான நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ மாறிவிடுவதால், மையத்து இரும்பு பெரும்பாலும் வெளியே வருவதில்லை. வெடிப்பின்போது புதிதாக உருவாகும் ஒரு பங்குதான் வெளியேறுகிறது. விண்வெளியில் சிதறியிருக்கும் இரும்பின் பெரும்பங்கு இன்னொரு வகை வெடிப்பிலிருந்து வந்தது. அங்கே நமக்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது.

சூரியனைப் போன்ற விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் எஞ்சுவது வெண்குறுமீன். பூமியளவே உருவமும் சூரியனை ஒத்த நிறையும் கொண்ட அடர்ந்த பந்து. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், தம்முடைய 19ஆம் வயதில், அத்தகைய பந்துக்கு நிறையில் ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைக் கணக்கிட்டார். இன்று அது சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று கொள்ளப்படுகிறது. அருகிலுள்ள துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்து அந்த வரம்பை நெருங்கும் வெண்குறுமீன், அல்லது இன்னொரு வெண்குறுமீனோடு மோதும் வெண்குறுமீன், உள்ளிருக்கும் கரிமமும் ஆக்சிஜனும் சில நொடிகளில் எரிந்து முழுவதுமாகச் சிதறிவிடுகிறது. அந்த நொடிகளில் உருவாவது நேராக இரும்பல்ல, நிக்கல் 56 (எண், அணுக்கருவில் உள்ள துகள்களின் எண்ணிக்கை). அதில் பாதி ஆறு நாளில் கோபால்ட் 56 ஆகிறது. கோபால்ட்டில் பாதி 77 நாளில் இரும்பு 56 ஆகிறது. வெடித்த விண்மீன் வாரக்கணக்கில் ஒளிர்வதற்கு இந்தச் சிதைவு தரும் ஆற்றலே காரணம். 1987 பிப்ரவரியில் நமக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிய மேகத்தில் வெடித்த விண்மீன் வேறு வகையைச் சேர்ந்தது என்றாலும், அதன் ஒளி பின்னாளில் மங்கிய வேகம் கோபால்ட் சிதையும் வேகத்தோடு ஒத்துப்போனதை வானியலாளர்கள் நேரில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இரும்பு பிறப்பதை அவர்கள் பார்த்தார்கள் என்றே சொல்லலாம்.

ஆகவே காவித்துகள் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் இரும்பின் பெரும்பகுதிக்கு ஒரு பிறப்பிடம், ஆக்சிஜனுக்கு வேறொரு பிறப்பிடம். இரும்பு, அமைதியாக முடிந்துபோன நடுத்தர விண்மீன் ஒன்றின் எச்சம் காலம் கழித்து வெடித்ததில் வந்தது; ஆக்சிஜன், சில பத்து லட்சம் ஆண்டுகளே வாழ்ந்த ஒரு பெருநிறை விண்மீனிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விண்மீன்களின் பொருள்கள், பூமியில் தண்ணீரும் காற்றும் பட்ட இடத்தில் ஒன்றுசேர்ந்து சிவந்தன.

காவியை வீட்டில் தயாரிப்பது கரியைவிட எளிது. செம்மண் உள்ள இடத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, கல்லையும் வேரையும் நீக்கி, கல்வத்திலோ அம்மியிலோ நுணுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் கலக்குங்கள். சிறிது நேரம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் சிவந்த கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒருநாள் அசையாமல் வைத்தால் மிக நுண்ணிய காவி அடியில் படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, வண்டலை நிழலில் உலர்த்திப் பொடித்தால் நிறமி தயார். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விரலில் தேய்க்கும்போது நெறுநெறுப்பே இருக்காது. மஞ்சள் காவி கிடைத்தால் ஒரு பகுதியை இரும்புச் சட்டியில் நன்றாகச் சூடேற்றிப் பாருங்கள். அதில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறி, மஞ்சள் கண்முன்னே சிவப்பாக மாறும். ஒரே மண்ணிலிருந்து இரண்டு நிறம் கிடைப்பது ஓவியருக்குப் பெரிய வசதி.

நான்காவது நிறம் பொன். அது எங்கே பிறந்தது என்று நாம் உறுதியாகப் பேசத் தொடங்கி அதிக காலமாகவில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலைகளை (வெளியையே அதிரவைக்கும் அலைகளை) லைகோ, விர்கோ என்ற கருவிகள் பதிவு செய்தன. சில மணி நேரத்தில் தொலைநோக்கிகள் அந்த இடத்தில் ஒரு புதிய ஒளியைக் கண்டன. அந்த ஒளி முதல் நாளில் நீலமாக இருந்து, சில நாள்களில் ஆழ்ந்த சிவப்பாக மாறியது. நியூட்ரான்களை வேகவேகமாக விழுங்கி உருவான கனத் தனிமங்கள் நீல ஒளியைத் தடுத்ததே அந்த மாற்றத்துக்குக் காரணம். அந்த ஒளியில் ஸ்ட்ரான்ஷியத்தின் தடயம் அடையாளம் காணப்பட்டது. பொன், பிளாட்டினம் போன்றவையும் அங்கே பெருமளவில் உருவாகியிருக்க வேண்டும் என்று மாதிரிக் கணக்குகள் காட்டுகின்றன. நீலத்திலிருந்து சிவப்புக்கு ஒரு வாரத்தில் நகரும் அந்த ஒளியை மட்டுமே வைத்து ஒரு வரிசை ஓவியம் தீட்டலாம். அதன் நடுவே எங்கேனும் ஓர் இலை பொன் ஒட்டினால் போதும்.

பொன்னால் விண்மீனைக் காட்டும் வழக்கம் பழமையானது. ஜெர்மனியின் நெப்ரா என்ற இடத்தருகே 1999இல் கிடைத்த, ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கலத் தட்டில், பொன்தகட்டால் நிலவும் விண்மீன்களும் பதிக்கப்பட்டிருக்கின்றன. அது சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முந்தையது. அதில் நெருக்கமாக அமைந்த ஏழு புள்ளிகளை நாம் கார்த்திகை என்று அழைக்கும் கூட்டமாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைச் செய்த கைவினைஞருக்குப் பொன் எங்கே பிறந்தது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் விண்மீன் மோதலில் பிறந்த பொருளாலேயே விண்மீனைக் குறித்திருக்கிறார். தஞ்சாவூர் ஓவியம் பழகியவர்களுக்கு இந்த இணைப்பு இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பலகையில் ஒட்டிய துணியின்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த குழைவால் மேடு எழுப்பி, அதன்மேல் பொன்தாள் ஒட்டும்போது, பெருநிறை விண்மீன் வெடிப்பில் வந்த கால்சியமும் நியூட்ரான் விண்மீன் மோதலில் வந்த பொன்னும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன.

இவ்வளவும் சொன்னபின், அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்தைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. நாம் அனைவரும் விண்மீன் தூசு என்கிறார்கள். நம் உடலின் நிறையில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆக்சிஜன், 18 விழுக்காடு கரிமம், 10 விழுக்காடு ஹைட்ரஜன், 3 விழுக்காடு நைட்ரஜன், 1.5 விழுக்காடு கால்சியம். இரும்பு நான்கு கிராம் அளவே. இவற்றில் ஹைட்ரஜன் எந்த விண்மீனிலும் பிறந்ததல்ல. அது பெருவெடிப்பிலிருந்து நேராக வந்தது. நிறையில் அது பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், அணுக்களை எண்ணினால் நம் உடலில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன். அதாவது எண்ணிக்கையில் நாம் பெரும்பாலும் விண்மீன்களைவிடப் பழையவர்கள். நீர்வண்ணம் தீட்டுபவர்கள் இதை விரும்பிப் பயன்படுத்தலாம்: நிறமி விண்மீனிலிருந்து வந்தது, அதைக் கரைக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் விண்மீன்களுக்கு முன்பிருந்தே இருப்பது. தண்ணீர் மட்டும் பட்டு உலர்ந்த, நிறம் ஏறாத வெற்றிடத்தைத் தாளில் வேண்டுமென்றே விட்டுவைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

வானத்தையே வரைய விரும்புபவர்களுக்கும் சில குறிப்புகள் உண்டு. ஓவியப் பயிற்சியில் சிவப்பை வெம்மையான நிறம், நீலத்தைக் குளிர்ந்த நிறம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். விண்மீன்களில் இது நேர்மாறு. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, இன்னும் சூடேறினால் வெளுப்பதுபோல, விண்மீன்களிலும் சிவப்பே குறைந்த வெப்பம். திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின். சூரியனுடையது ஏறத்தாழ 5,800. மிருகசீரிடக் கூட்டத்தின் மறுமூலையில் உள்ள ரைகல் சுமார் 12,000. சித்திரை விண்மீன் அதற்கும் மேல். ஒரே கூட்டத்தில் எதிரெதிர் மூலைகளில் இருக்கும் திருவாதிரையையும் ரைகலையும் மார்கழி இரவில் மாறிமாறிப் பார்த்தால் நிற வேறுபாடு வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆனால் அது மெல்லிய வேறுபாடு. வெள்ளையில் ஒரு துளி காவி, வெள்ளையில் ஒரு துளி நீலம் என்ற அளவில்தான் கலக்க வேண்டும். குழாயிலிருந்து பிழிந்த அப்பட்டமான சிவப்பை வைத்தால் விண்மீன் விளக்குக் குமிழாகிவிடும்.

வின்சென்ட் வான் கோ 1888இல் தம் தங்கைக்கு எழுதிய கடிதம் ஒன்றில், உற்றுப்பார்த்தால் சில விண்மீன்கள் எலுமிச்சை மஞ்சளாகவும் வேறு சில இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் நீலமாகவும் ஒளிர்வது தெரியும் என்று குறிப்பிட்டார். பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. இயற்பியலின்படி பச்சை நிற விண்மீன் இல்லை. விண்மீன் எல்லா நிறங்களையும் கலந்தே வீசுவதால், பச்சை உச்சத்தில் இருக்கும்போது நம் கண்ணுக்கு அது வெள்ளையாகவே தெரிகிறது. ஆனால் செந்நிறக் கேட்டைக்கு மிக அருகில் உள்ள அதன் துணை விண்மீன் தொலைநோக்கியில் பச்சையாகத் தோன்றுவதாகப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். சிவப்பின் பக்கத்தில் வெள்ளையை வைத்தால் அந்த வெள்ளை பச்சை சாயலாடும் என்பது ஓவியர்கள் நன்கறிந்த விளைவுதான்.

விண்வெளியின் வாயு, தூசு மேகங்களான நெபுலாக்களின் நிறத்தில் இன்னும் கவனம் தேவை. ஹபிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் படத்தை அறியாதவர் இல்லை. அதில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனின் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிஜனின் ஒளிக்கு நீலமும் ஒதுக்கப்பட்டன. உண்மையில் ஹைட்ரஜனின் அந்த ஒளி 656 நானோமீட்டரில் இருக்கும் ஆழ்ந்த சிவப்பு. ஆக்சிஜனுடையது 501 நானோமீட்டர் அளவில் நீலம் கலந்த பச்சை. எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதற்காக விஞ்ஞானிகள் செய்த ஒதுக்கீடு அது. அதை வானத்தின் இயல்பான நிறமாக நம்பி அப்படியே படியெடுப்பதைவிட, அவர்கள் செய்ததையே நாமும் செய்வது மேல் என்பது என் கருத்து: கரிமத்துக்குக் கரி, இரும்புக்குக் காவி, கால்சியத்துக்குச் சுண்ணம் என்று நாமே ஒதுக்கி, படத்தின் ஓரத்தில் ஒரு சிறு குறிப்பாக எழுதிவிடலாம்.

முதல் படைப்பாக எதைச் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரு நீண்ட சுருள். சூரியனைப் போல் 25 மடங்கு நிறையுள்ள ஒரு விண்மீனின் வாழ்க்கையைக் கணினி மாதிரிகள் இப்படிக் கணக்கிடுகின்றன: ஹைட்ரஜனை எரிக்கச் சுமார் 70 லட்சம் ஆண்டுகள், ஹீலியத்துக்குச் சில லட்சம் ஆண்டுகள், கரிமத்துக்குச் சுமார் 600 ஆண்டுகள், நியானுக்கு ஓராண்டு, ஆக்சிஜனுக்கு ஆறு மாதம், சிலிக்கானுக்கு ஒரே ஒரு நாள். அதன் பிறகு சரிவும் வெடிப்பும். ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஹைட்ரஜனுக்கு மட்டும் 7 கிலோமீட்டர் தாள் வேண்டும். கரிமத்துக்கு 60 சென்டிமீட்டர். நியானுக்கு ஒரு மில்லிமீட்டர். சிலிக்கானின் நாள் தலைமயிரின் தடிமனைவிட மெல்லியது. முழுவதையும் யாராலும் வரைய முடியாது. எனவே கடைசி இரண்டு மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் ஹீலியமும் கரிமமும் எரியும் காலம் நீண்டு கிடக்கும். நியானும் ஆக்சிஜனும் வலது ஓரத்தில் தூரிகையின் நுனிக்குள் அடங்கிவிடும். சிலிக்கானுக்கு, காவியில் தோய்த்த ஓர் ஊசிமுனையால் தாளின் விளிம்பைத் தொட்டாலே அதிகம். விண்மீனின் காலம் எவ்வளவு சமனற்றது என்பது, எழுதிப் படிப்பதைவிடக் கையால் இழுக்கும்போது நன்றாகப் புரிகிறது.

சுருளுக்குக் கெட்டியான பருத்தித் தாளையோ, கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியையோ எடுத்துக்கொள்ளலாம். முதலில் சுண்ணப்பொடியைப் பிசின் நீரில் கலந்து மெல்லிய அடிப்பூச்சாகப் பூசி உலரவிடுங்கள். பிசின் அதிகமானால் பூச்சு வெடிக்கும், குறைந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும், ஆகவே ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டே முழுவதும் பூச வேண்டும். கரியும் காவியும் சுண்ணமும் வெயிலில் நிறம் மங்குவதில்லை. ஆனால் பிசின் தண்ணீரில் கரையக்கூடியது. எனவே ஈரம் படாத சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டு மாட்டுங்கள்.